இந்தியக் குடியுரிமைச் சட்டம்: தேதியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆதார் இருக்கு, வாக்காளர் அட்டை இருக்கு, ரேஷன் கார்டும் இருக்கு. அப்புறம் குடியுரிமையில என்ன சந்தேகம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் அட்டைகளைப் பார்ப்பதே இல்லை. எந்தத் தேதியில், எந்த ஊரில் பிறந்தீர்கள், அன்றைக்கு உங்கள் அப்பாவும் அம்மாவும் எந்த நாட்டுக் குடிமக்கள் என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். மீதிப் பேருக்கு எங்கே சிக்கல் என்றாவது தெரிந்துவிடும்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் தேதியை வைத்தே ஓடுகிற சட்டம். 1955இல் வந்த சட்டம் 1986, 1992, 2003, 2005, 2015, 2019 எனப் பல முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு புதிய திருத்தம் பழையதை அழித்துவிட்டு உட்காருவதில்லை. இந்தத் தேதிக்கு முன் பிறந்தவருக்கு அது, பின் பிறந்தவருக்கு இது என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. இன்றைய விதியை மட்டும் படித்துவிட்டு 1985இல் பிறந்த ஒருவருக்குப் பதில் சொன்னால், பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வோம்.

வெளிநாட்டில் பிள்ளை பெற்றவர்கள், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள், தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தாளில் தேதிகளை எழுதுங்கள்

மேலே உங்கள் பிறந்த தேதி, பிறந்த இடம். அதற்குக் கீழே அப்பா, அம்மா இருவருக்கும் தனித்தனியாகப் பிறந்த தேதி, பிறந்த இடம், நீங்கள் பிறந்த நாளில் அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பது. பிறகு குடும்பத்தில் யாராவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் அந்தத் தேதி. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் வந்தவர் என்றால் வந்த தேதியும், எந்த ஆவணத்தின் பேரில் வந்தார் என்பதும்.

உங்கள் பிறந்த நாளில் பெற்றோரின் நிலை என்பதை அடிக்கோடிடுங்கள். இன்றைக்கு அம்மா என்ன குடிமகள் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. நீங்கள் பிறந்த அன்று என்ன என்றுதான் கேட்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே தகப்பன் இறந்துபோயிருந்தால்கூடச் சட்டம் அதையும் யோசித்து வைத்திருக்கிறது: அவர் இறந்த அன்று இருந்த நிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்த இடம் ஒரு கப்பலாகவோ விமானமாகவோ இருந்தால், அது எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடே பிறந்த இடம்.

படி 2: எந்தச் சட்டத்தைத் திறக்க வேண்டும்?

அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதியில், 5 முதல் 11 வரையிலான உறுப்புகள் குடியுரிமை பற்றியவை. குடியரசு தொடங்கும்போது யார் யார் குடிமக்கள் என்பதைத்தான் அவை முதன்மையாகச் சொல்கின்றன. மற்றதையெல்லாம் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்கிறது 11ஆம் உறுப்பு. அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். விண்ணப்பப் படிவங்களும் நடைமுறையும் 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளில் இருக்கின்றன. அவ்வப்போது வரும் அரசிதழ் அறிவிக்கைகள் தனி.

வெளிநாட்டவர் வருகை, தங்கல், வெளியேற்றம் இவற்றுக்கு வேறு சட்டம். 1920ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939ஆம் ஆண்டு வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம், 2000ஆம் ஆண்டில் விமான, கப்பல் நிறுவனங்களுக்கான பொறுப்புச் சட்டம் என நான்காகக் கிடந்தவற்றை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பழைய கட்டுரைகளில் "வெளிநாட்டவர் சட்டம் 1946" என்று படித்தால், அது இப்போது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பழைய சட்டத்தின் ஒரு கடுமையான அம்சம் மட்டும் புதியதிலும் தொடர்கிறது: ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், நான் வெளிநாட்டவன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான். பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

திருத்தங்கள் சேர்த்த முழு வடிவம் அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று படியுங்கள். முதலாவது, பொருள் வரையறை. "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லுக்கு நாம் பேச்சில் ஒரு பொருள் வைத்திருப்போம். சட்டத்தில் அதற்கு 2ஆம் பிரிவில் திட்டமான பொருள் இருக்கிறது: செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது பயண ஆவணம் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது முறையாக நுழைந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டவர். விசா முடிந்து தங்கியவரும் இதில் வந்துவிடுவார். இரண்டாவது, ஆங்கில மூலத்தில் 'ப்ரொவைடட் தட்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்கள். மேலே ஒரு கையால் கொடுத்ததைக் கீழே மறு கையால் எடுத்துக்கொள்வது அங்கேதான்.

மூன்றாவது, நடைமுறைக்கு வந்த தேதி. சட்டத்தின் பெயரில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2004 டிசம்பர் 3 அன்று. 2004 அக்டோபரில் பிறந்த குழந்தைக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் பொருந்தாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் வெளியாகி விண்ணப்பிக்க வழி பிறந்தது 2024 மார்ச் 11 அன்று.

படி 3: இந்தியாவில் பிறந்தவரா?

3ஆம் பிரிவு. இதுதான் சட்டத்தின் நெஞ்சு. மூன்று காலகட்டங்கள்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். பெற்றோர் யாராக இருந்தாலும் சரி. வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை, பகை நாட்டவர் பிடித்து வைத்திருந்த இடத்தில் அப்பகை நாட்டவருக்குப் பிறந்த பிள்ளை ஆகிய இரண்டு விலக்குகள் மட்டும் உண்டு.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால், அந்தப் பிறந்த நாளில் தாய் தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர் என்றால், இருவருமே இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இது வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தாய் தமிழ்நாட்டில் பிறந்த இந்தியக் குடிமகள். தகப்பன் 1984இல் படகில், கையில் பாஸ்போர்ட் இல்லாமல், இலங்கையிலிருந்து வந்தவர். மூன்று பிள்ளைகள், மூவரும் ஒரே அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள். மூத்தவள் 1986இல் பிறந்தாள்: குடிமகள். அவள் விஷயத்தில் பெற்றோரைப் பற்றிய பேச்சே எழாது. நடுவில் உள்ளவன் 1990இல் பிறந்தான்: தாய் இந்தியர், ஒருவர் போதும், அவனும் குடிமகன். கடைக்குட்டி 2005 பிப்ரவரியில் பிறந்தான்: தாய் இந்தியராக இருந்தும், தகப்பன் வரையறைப்படி சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவதால், அவன் பிறப்பால் குடிமகன் அல்ல. அதே தாய், அதே வார்டு, அதே ஊர். இதை முதல்முறை ஒரு குடும்பத்துக்கு விளக்க வேண்டி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் மறைத்துப் பேசினால் அந்தப் பையன் தவறான படிவத்தைப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடப்பான்.

இன்னொரு முக்கியமான விஷயம். பிறப்பால் வந்த குடியுரிமைக்கு யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது நிரூபிப்பது மட்டும். பதிவு வழியிலும் இயல்புரிமை வழியிலும் (நீண்ட காலம் இங்கே வசித்த வெளிநாட்டவர் விண்ணப்பித்துப் பெறுவது; இரண்டும் படி 5இல்) கேட்பது அரசின் விருப்புரிமைக்கு உட்பட்டது. காரணம் சொல்லாமலே மறுக்க 14ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே பிறப்பால் குடிமகனாக இருக்கும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று "எனக்குக் குடியுரிமை வழங்குங்கள்" என்று மனுப்போடுவது தன் கையில் இருப்பதைத் தானே கீழே வைப்பது போல.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்குக் கையளிக்கும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த மண்ணில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வாய்ப்பு இருந்தது. தாத்தா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாரா என்பதுதான் இன்றும் பல புதுச்சேரிக் குடும்பங்களின் கதை.

படி 4: வெளிநாட்டில் பிறந்தவரா?

4ஆம் பிரிவு, வம்சாவளிக் குடியுரிமை. 1950 ஜனவரி 26 முதல் 1992 டிசம்பர் 9 வரை தகப்பன் இந்தியராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. தாய் இந்தியர் என்பது கணக்கில் இல்லை. 1992 டிசம்பர் 10 முதல் இருவரில் யார் இந்தியராக இருந்தாலும் சரி. தாய்மார்களுக்கு அந்த நியாயம் கிடைக்கக் குடியரசாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

2004 டிசம்பர் 3 முதல் ஒரு கட்டாயம் சேர்ந்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி பெற்ற பிறகே பதிவு.

இந்த ஓராண்டில்தான் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள், கேக் எங்கே சொல்வது என்ற பேச்சு. நான் கேட்டேன், "மச்சான், தூதரகத்துல பிறப்பைப் பதிவு பண்ணியாச்சா?" "பாஸ்போர்ட் எடுக்கும்போது சேத்துப் பாத்துக்கலாம்னு இருக்கேன்" என்றான். அரபியில் இருந்த பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புகூடச் செய்யாமல் பீரோவில் பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. மொழிபெயர்த்து, அதில் தாயின் பெயரில் ஓர் எழுத்து அவள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாமல் இருந்ததைத் திருத்தி, கடைசியில் கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பதிவு முடிந்தது. அமீரகத்தில் பிறந்ததால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது. இந்தியப் பதிவும் தவறியிருந்தால் அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குடியும் இல்லாமல் நிற்கும். பிறந்த மறுவாரமே வேலையைத் தொடங்குங்கள்.

பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை தருகிற கனடா போன்ற நாடுகளில் கதை வேறு. அங்கே குழந்தைக்கு அந்நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் மேற்சொன்ன உறுதிமொழியைத் தர முடியாது. பெரும்பாலோர் ஓசிஐ ('ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்ற அட்டை, படி 6இல் சொல்கிறேன்) வழியில் போகிறார்கள். அந்தப் பாஸ்போர்ட் எடுக்காமல் இந்தியராகப் பதிவு செய்தால், பிள்ளைக்கு 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் மறு நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அந்தத் தேதியை இப்போதே தாளில் எழுதி வையுங்கள்.

படி 5: பிறப்பும் இல்லை, வம்சாவளியும் இல்லை என்றால்

இரண்டு கதவுகள் உண்டு. பதிவு, இயல்புரிமை. இரண்டுக்கும் வாசலில் ஒரே காவல்: சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் வருகிறவர் உள்ளே போக முடியாது.

5ஆம் பிரிவின் பதிவு வழி, இந்தியாவோடு ஏற்கெனவே தொடர்பு உள்ளவர்களுக்கு. இந்திய வம்சாவளியினர் ஏழாண்டுகள் இங்கே வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தியரை மணந்தவருக்கும் அதே ஏழாண்டு. கல்யாணம் ஆனவுடன் குடியுரிமை என்பது வெறும் பேச்சு. ஏழாண்டு என்பதையும் சட்டம் தனக்கே உரிய முறையில் எண்ணுகிறது: விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதமும் தொடர்ச்சியாக இங்கே இருக்க வேண்டும், அதற்கு முந்தைய எட்டாண்டுகளில் மொத்தம் ஆறாண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். சிறப்புச் சூழல் இருந்தால், அந்தப் பன்னிரண்டு மாதத்தில் 30 நாள் வரை வெளியே இருந்ததை மத்திய அரசு தளர்த்தலாம். தானோ பெற்றோரில் ஒருவரோ முன்பு சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்தவர் என்றால், பன்னிரண்டு மாத வசிப்பு போதும். ஐந்தாண்டுகளாக ஓசிஐ வைத்திருப்பவருக்கும் அப்படியே.

இதில் "இந்திய வம்சாவளி" என்பதற்கு இந்தப் பிரிவில் குறுகிய பொருள்தான். விண்ணப்பிப்பவரோ அவர் பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பகுதியில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி கணக்கில் வராது. ஓசிஐக்கு மட்டும் கொள்ளுத்தாத்தா வரை போகலாம். ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகோல் என்பதால் இங்கே குழம்பாதவர்கள் குறைவு.

6ஆம் பிரிவின் இயல்புரிமை, எந்தத் தொடர்பும் இல்லாத வெளிநாட்டவருக்கும் திறந்தது. முந்தைய பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக, அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் மொத்தம் பதினோரு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். நன்னடத்தையோடு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றில் போதிய அறிவும் வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. தமிழ் அறிந்தவருக்கு இந்தி தெரியாதது ஒரு தடையே அல்ல.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் காவலை ஒரு பிரிவினருக்கு விலக்கியது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள். அவர்களுக்குப் பதினோரு ஆண்டு என்பது ஐந்தாண்டாகக் குறைந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

படி 6: எப்போது போய்விடும்?

மூன்று வழிகளில் போகும். நாமே துறப்பது 8ஆம் பிரிவு. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதும் தானாகப் போவது 9ஆம் பிரிவு. அரசு பறிப்பது 10ஆம் பிரிவு. பொய்த் தகவல் தந்து பெற்றது போன்ற காரணங்களுக்காக இப்படிப் பறிப்பது, பதிவு வழியிலும் இயல்புரிமை வழியிலும் வந்தவர்களுக்கானது. பிறப்பால் குடிமகனானவரிடம் அதைக் காட்ட முடியாது.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. கிரீன் கார்டோ பிஆரோ வாங்கினால் எதுவும் ஆகாது. அவை தங்கும் உரிமைகள். ஆனால் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அந்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் நான்கு வருடம் செல்லும் என்று அச்சிட்டிருப்பதால் நீங்கள் இந்தியர் ஆகிவிட மாட்டீர்கள். அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற பின்னும் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் குற்றம், அபராதம் இரண்டும் உண்டு.

8க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம் வெறும் எண் வித்தியாசம் என்று நினைக்கிறவர்களுக்கு, உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 அன்று தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று. பெற்றோர் இருவரும் பிறப்பால் இந்தியர்கள். 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். அப்போது மகன் தாயின் வயிற்றில். 1999 மார்ச்சில் பிறந்தான். 18 வயதானதும், பெற்றோர் துறந்ததால் பிள்ளை இழந்த குடியுரிமையை மீட்க 8(2) தரும் வாய்ப்பைக் கேட்டான். சென்னை உயர் நீதிமன்றம் அவன் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெற்றோர் 8ஆம் பிரிவின்படி துறக்கவில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி தானாக இழந்தார்கள். ஆகவே 8(2) இங்கே பொருந்தாது என்பது காரணம். பெற்றோர் முன்பு இந்தியக் குடிமக்கள் என்ற அடிப்படையில் பன்னிரண்டு மாதம் இங்கே வசித்து விண்ணப்பிக்கும் 5ஆம் பிரிவு வழிதான் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உள்ளது. இரண்டு மூன்று மாத இடைவெளி ஒருவர் வாழ்க்கையின் திசையை எப்படி மாற்றுகிறது பாருங்கள்.

ஓசிஐ பற்றி ஒன்றே ஒன்று: பெயரில் "குடியுரிமை" என்று இருந்தாலும் அது குடியுரிமை அல்ல. வாழ்நாள் விசா என்று புரிந்துகொண்டால் போதும். வாக்குரிமை இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலையில் சம வாய்ப்பு உரிமை இல்லை. வீடு வாங்கலாம், விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. ஊரில் வயல் வாங்க வேண்டும் என்று கனவோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடுகிறது. பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி பெற வேண்டும்.

படி 7: இலங்கைத் தமிழர்கள், மலையகத் தமிழர்கள்

இரண்டு வரலாறுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போன மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேள்விக்குறியாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த வழியில் முறையாக வந்து குடியுரிமை பெற்றவர்களை இன்றும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பார்க்கலாம். 1983க்குப் பின் போரினால் படகில் வந்தவர்கள் வேறு. அவர்களிலும் மலையக வேர் உள்ளவர்கள் உண்டு. அவர்களின் பழைய ஒப்பந்தகாலத் தாள்கள் ஏதாவது இருந்தால் அது பொன்னுக்குச் சமம்.

படகில் வந்தவர்களுக்கு இன்று இருப்பது என்ன? 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து 2025ஆம் ஆண்டு விலக்கு ஆணை பாதுகாப்புத் தருகிறது. இது பெரிய நிம்மதி. ஆனால் அதுவே குடியுரிமை ஆகாது. செய்தி வந்த அன்று "இனி நாம இந்தியர்" என்று சிலர் கொண்டாடியதைக் கேட்டபோது எனக்கு வலித்தது.

ஆனால் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு மறுபடியும் படி 3. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட் கேட்டபோது, பெற்றோர் இலங்கையர் என்று மறுத்தார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதே போதும் என்று 2022இல் நீதிமன்றம் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருடைய வழக்கு முழுவதும் ஒரு பிறப்புச் சான்றிதழின் ஒரே ஒரு வரியில் நின்றது. இன்று ஏறத்தாழ நாற்பது வயதாகும் முகாம்வாசிகள் யாராக இருந்தாலும், தங்கள் பிறந்த இடத்தையும் தேதியையும் எடுத்துப் பாருங்கள். முகாமில் பதிவானவர் என்பதால் அந்த உரிமை அழிந்துவிடாது.

படி 8: தாள்களைச் சேர்ப்பது, மறுப்பைச் சந்திப்பது

ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. பாஸ்போர்ட் வலுவான சான்றுதான். ஆனாலும் குடிமகன் அல்லாதவருக்கும் பொதுநலன் கருதிப் பாஸ்போர்ட் தர அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதால், அதுவும் முடிந்த முடிவல்ல. பிறப்புச் சான்றிதழ்தான் அடித்தளம். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், நிலப் பத்திரம் எனத் தேதியும் ஊரும் உள்ள எதையும் தேடுங்கள். பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் வருவது நம் ஊரில் சாதாரணம். கோப்பைப் பார்ப்பவருக்கு அது இரண்டு ஆட்கள்.

5, 6ஆம் பிரிவுகளின்கீழ் விண்ணப்பம் ஆன்லைனில் போடப்படுகிறது. பொதுவாக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சரிபார்த்து, மாநில அரசு வழியாக உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புகை வாங்குங்கள். ஏஜெண்டுகள் கையில் அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். நகல் மட்டும் கொடுங்கள்.

மறுப்பு வந்தால் வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள், உத்தரவை எழுத்தில் கேளுங்கள். கீழ்நிலை அதிகாரியின் உத்தரவு என்றால் 15ஆம் பிரிவின்படி மத்திய அரசிடம் மறுசீராய்வு கேட்கலாம். மத்திய அரசே மறுத்திருந்தால் 15ஏ பிரிவின்படி அதையே மறுபடி பார்க்கச் சொல்லலாம். இரண்டுக்கும் உத்தரவுத் தேதியிலிருந்து 30 நாள்தான். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் ரிட் மனு (அரசின் உத்தரவை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) இருக்கிறது. தபால் வந்த அன்றே உறையைக் கிழித்து எறிந்துவிடாமல், தபால்துறை முத்திரையோடு அதை உத்தரவோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மேலே கையால் வந்து சேர்ந்த தேதியை எழுதுங்கள், கீழே உத்தரவுத் தேதியிலிருந்து முப்பதாவது நாள் எது என்று எண்ணி எழுதுங்கள்.